பால் பொங்கிய வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரில் கிடைத்தது. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்து, கனகம்மாசத்திரத்துக்குச் சற்று முன்னால் சக்கரம் உட்கார்ந்து நின்றுவிட்டது. மே மாதத்து மத்தியானம். இறங்கி நிழல் தேடியபோது சாலையோர நிலத்தில் ஒரு கேரவன் நிற்பதைப் பார்த்தேன். படப்பிடிப்புக்கு நடுவே நடிகர்கள் உள்ளே போய் உட்காருவார்களே, அது. எஞ்சின் கிடையாது. டிராக்டரோ லாரியோ இழுத்துப் போக வேண்டிய வகை. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இழுவைக் கம்பியின் மேல், கொக்கி மாட்டுகிற இடத்திலேயே, ஒரு ஸ்பிலிட் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அதுவா? அது கோர்ட்டு கேஸ்ல கெடக்குது சார்" என்றார், டீ ஆற்றுவதை நிறுத்தாமலே.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நான் செய்தது. கீழே வரும் ஒவ்வொரு கெடுதலுக்கும் நானே பொறுப்பு. (இடத்தையும் கே.ஜி.கண்டிகைக்கு மாற்றிவிட்டேன். உண்மையான வழக்கில் என்னைச் சாட்சிக்கு இழுத்துவிடக் கூடாது பாருங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த வருடம் வெயில் திருத்தணி மலையின் படிகளை—'

வேண்டாம். வெயிலை வர்ணித்துத் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

அடுத்து: 'ஹேமநாதனுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சக்கரம்—'

இதுவும் வேண்டாம். எழுதுகிறவன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள எழுதிய வாக்கியம். நீங்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் குமரேசன், தம்பி ஹேமநாதன். அப்பா போன பிறகு பழைய வீடு அண்ணன் கைக்குப் போனது. பின்னாலிருக்கும் வேர்க்கடலைக் கொல்லையில் பாதி தம்பிக்கு என்று வாய்ப்பேச்சு. அதை நம்பி ஹேமநாதன் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினான். அண்ணன் கோர்ட்டுக்குப் போனான். பாகம் பிரியும்வரை அந்த நிலத்தில் எந்தக் கட்டடமும் எழும்பக் கூடாது என்று ஸ்டே வந்தது.

கேரவன் யோசனை ஹேமநாதனின் வக்கீல் கொடுத்தது.

"கட்டடம்தானே கூடாது? சக்கரம் வெச்சதுல இருந்துக்கப்பா. அது வண்டி. ஆனா ஒரு செங்கல்லு, ஒரு கரண்டி சிமெண்ட்டு தரையில பட்டுச்சினா அப்புறம் நான் பொறுப்பில்ல."

சென்னையில் காயலான் கடைக்குப் போகவிருந்த கேரவன் ஒன்றை லாரி வைத்து இழுத்துவந்து, தோண்டிய கடைக்காலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். மாட்டுக் கொட்டகைக்கு அவன் பெயரில் தனி மீட்டர் இருந்தது. அதிலிருந்து கரண்ட் வந்தது. ஹேமநாதனும் அவன் மனைவி ரஞ்சிதமும் பழைய வீட்டிலிருந்து மூட்டை கட்டினார்கள்.

3

ஏ.சி.க்கு வருகிறேன். தகரப் பெட்டிக்குள் ஒரு பெண் வெந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு ஏ.சி. வேண்டும். முதல் வரைவில் இதை மட்டும்தான் எழுதியிருந்தேன். நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "கொல்லையில களை எடுக்கறவளுக்கு ஏ.சி. கேக்குதா?" என்று கேட்டார். தன் வீட்டு ஏ.சி.யில் குளிர் தாங்காமல் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் கேட்டார்.

அன்று ராத்திரியே ரஞ்சிதத்தைச் சுட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அந்தக் குடும்பம் வருடாவருடம் சோறு போடும். பழைய வீட்டு வாசலில் கல்லடுப்பு மூட்டி ரஞ்சிதம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. கழுத்து, முதுகு, இரண்டு கைகள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோலில் வியர்வை வராது. உடம்புச் சூடு இறங்க வழியில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் மயக்கம் வரும், அதற்குமேல் நின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இப்போது அவளுக்கு ஏ.சி. கொடுக்க உங்களுக்குச் சம்மதம் என்று நினைக்கிறேன்.

[சட்டி சாய்ந்தபோது பக்கத்தில் நின்றது குமரேசனின் மகள் மோனிஷா. அவளைத் தள்ளிவிட்டுத்தான் ரஞ்சிதம் எண்ணெயில் மாட்டினாள். இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். சினிமாத்தனம். ஆனால் குமரேசனைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அடித்தது தெரிகிறது. அடைப்புக்குள் கிடக்கட்டும்.]

4

மெக்கானிக் விஜயன் அரக்கோணத்திலிருந்து வந்தான். கேரவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல்.

"இதுல இன்னாண்ணா ஸ்க்ரூ நிக்கும்? அப்பளம் இது."

உள்பெட்டிக்குத் தரையிலிருந்து இரும்புச் சட்டம் எழுப்பி அதில் மாட்டினான். செம்புக் குழாய் போக ஓட்டை போட்டு, மழைத் தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் அடைத்தான். தகராறு வெளிப்பெட்டியில்தான் வந்தது.

"வேப்பமரத்தாண்ட சின்னதா ஒரு மேடை போட்டா சோலி முடிஞ்சிது."

"சிமெண்ட்டு ஆவாது" என்றான் ஹேமநாதன்.

"நாலு செங்கல்லு?"

"செங்கல்லும் ஆவாது, இரும்பு ஸ்டாண்டும் ஆவாது. தரையில எது நின்னாலும் கட்டடம்னுவாங்கனு வக்கீல் சொல்லிகிறாரு."

"அப்ப எங்கதான் வைக்கிறது, என் தலமேலயா?"

பின்பக்கம் கதவு. பக்கத் தகடு எடை தாங்காது. கூரை, பூனை நடந்தாலே அமுங்கியது. மிச்சமிருந்த ஒரே கெட்டியான இரும்பு, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இழுவைக் கம்பி. அதன்மேல் கோணச் சட்டம் பற்றவைத்து, அடியில் ரப்பர் கொடுத்து, பெட்டியை முடுக்கினான்.* ஓடவிட்டபோது கேரவன் முழுக்க லேசாக நடுங்கியது.

"பஸ்ல போய்க்கினே கீற மாதிரி கீதுங்க" என்றாள் ரஞ்சிதம், உள்ளேயிருந்து.

பிறகு சத்தம் இல்லை. ஹேமநாதன் எட்டிப் பார்த்தான். தூங்கிவிட்டிருந்தாள். காயம் பட்டதிலிருந்து பகலில் அவள் கண் மூடி அவன் பார்த்ததில்லை. விஜயனிடம் சத்தம் போடாதே என்று சைகை காட்டிவிட்டு, வெளியே வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அழுகை வந்தது.

(இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சந்தோஷமாக முடிந்திருக்கும். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.)

* கொக்கியை அடைத்துக்கொண்டு பெட்டி உட்கார்ந்தால் வண்டியை எப்படி இழுப்பது என்று ஹேமநாதன் கேட்கவில்லை, விஜயன் கேட்கவில்லை, எழுதும்போது நானும் கேட்கவில்லை. வண்டி வண்டி என்று கோர்ட்டிலும் ஊரிலும் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, அதை வண்டியாக யாரும் நினைக்கவே இல்லை.

5

வண்டி வாங்கினால் இந்தப் பக்கத்தில் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். கைமாறி வந்த பழைய வண்டியானாலும் அப்படித்தான். ஹேமநாதன் அதைத்தான் செய்ய நினைத்தான்.

"ஐயர இங்கயே இட்டாந்து, சக்கரத்துக்குப் பழம் வெச்சிடலாம்."

"பழம் வண்டிக்கு வெப்பாங்க. நான் இதுல குடித்தனம் பண்ணப் போறேன். பால் காய்ச்சாத எடத்துல எப்டிங்க ஒல வெப்பேன்?"

"வண்டினுதானடி கோர்ட்ல சொல்லிகினு கீறோம்."

"கோர்ட்டா வந்து இங்க ஆக்கித் திங்கப் போவுது?"

அதோடு விடவில்லை. மாமனார் இல்லாத குடும்பத்தில் மூத்தவர் வந்து நிற்காமல் பால் பொங்கினால், அது பொங்கினதாகவே ஆகாது என்றாள். கேஸ் போட்டவனைப் போய் அழைக்கச் சொன்னாள். ஹேமநாதன் முடியாது என்றான். வெயில் ஏறுவதற்கு முன்னால், முந்தானையால் கைகளை மூடிக்கொண்டு அவளே போனாள்.

"பாவா, வெள்ளிக்கெழம பால் காய்ச்சறோம். நீங்க வந்து நிக்கணும்."

"ஆங், வரேம்மா" என்றான் குமரேசன்.

வந்தான். மாவிலைத் தோரணம் கட்டிய கேரவனுக்குள் குனிந்து நுழைந்தான். மஞ்சள் கட்டிய புதுப் பானையில் பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கம் வழிந்திருக்கிறது, நல்ல சகுனம் என்று அவன்தான் சொன்னான். ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டான்.

"சில்லுனு கீதும்மா. நல்லா இரு."

செல்போனை எடுத்து வீடியோ எடுத்தான். வந்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரஞ்சிதம் அவனுடைய போனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வீடியோ கோர்ட்டுக்குப் போனது. வண்டிக்கு யாராவது பால் காய்ச்சுவார்களா என்று அண்ணனின் வக்கீல் கேட்டார். கேள்வியில் தப்பில்லை.

6

குமரேசனோடு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அவனை எனக்குப் பிடிக்கவில்லை, அதனாலேயே அவன் சரியாக வரவில்லை. பேராசைக்காரனாக எழுதினேன். பொம்மை மாதிரி நின்றான். சாகும்போது அப்பா தம்பியைத்தான் கேட்டார் என்று ஒரு பழைய எரிச்சலைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்தது இதுதான். "நல்லா இரு" என்று அவன் மனதாரத்தான் சொன்னான். வீடியோ எடுத்தபோது அவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பல நாள் கழித்து வக்கீல், "அது வீடுதான்னு காட்ட எதாவது கீதா?" என்று கேட்டார். போனில் இருந்தது, கொடுத்தான். அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து மோனிஷா அப்பாவோடு பேசுவதில்லை என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பேசுகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பாள்?

7

நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லி கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பியது. கமிஷனர் என்றால் போலீஸ் இல்லை, ஒரு வக்கீல்தான். சின்ன வயதுப் பெண். குடை பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தார். குமரேசன் வேப்பமர நிழலில் நின்றான்.

"வண்டினா நகரணும் இல்லியா? பத்தடி இழுத்துக் காட்டுங்க. வண்டின்னு எழுதிட்டுப் போறேன்."

ஹேமநாதன் ஓடிப்போய் டிராக்டர் கொண்டுவந்தான். பின்னோக்கி வந்த டிராக்டர் இழுவைக் கம்பிக்கு அருகில் நின்றது. கொக்கி மாட்ட இடம் இல்லை. பெட்டி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

விஜயனுக்குப் போன் போனது. அரக்கோணத்திலிருந்து பைக்கில் வந்தான்.

"கழட்டறது பெரிய விசயம் இல்லிங்க மேடம். திரும்ப எங்க மாட்டறது? இங்கயே மாட்டினா திரும்ப வண்டி நகராது. வேற எடம் இல்லிங்க. தரையிலயும் எதுவும் வெக்கக் கூடாதுன்றீங்க."

"அது இருக்கற வரைக்கும் நான் வண்டின்னு எழுத முடியாதுங்க" என்றார் கமிஷனர். குரலில் கடுமை இல்லை.

வண்டி என்று எழுதாவிட்டால் வீடு. வீடு என்றால் ஸ்டேயை மீறியது. இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

கழற்றுவதோ வைப்பதோ, எதற்கும் முதலில் நிறுத்தத்தான் வேண்டும் என்று விஜயன் சுவிட்சை அணைத்தான்.

8

முடிவுகள்.

அ. அண்ணன் மனம் மாறுகிறான். எழுதிப் பார்த்தேன்: 'குமரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போவட்டும் வுடுங்க மேடம், எந்தம்பிதான்—"'

பேனா நின்றுவிட்டது. அவனுக்கு வாய் இருந்தது. நேரமும் இருந்தது. சொல்லவில்லை.

ஆ. நீதிபதி ரஞ்சிதத்தின் உடம்பைக் கருத்தில் கொண்டு ஏ.சி.யை அனுமதிக்கிறார். எங்கேயாவது இப்படி நடக்கலாம். ஆனால் தீர்ப்பு வர வருடங்கள் ஆகும், இது மே மாதம்.

இ. ஹேமநாதன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அண்ணனை நோக்கி—

வேண்டாம். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருக்கிறான், இறங்கத் தோன்றாமல்.

கேரவனின் கதவு திறந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் ரஞ்சிதம் வெளியே வந்தாள். கமிஷனர் அவள் கழுத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினார். எட்டவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. உள்ள இருக்கறது நீங்கதானே. இது வீடா, வண்டியா? வண்டின்னா அந்தப் பெட்டியக் கழட்டிடணும். நீங்க சொல்றதையே எழுதிக்கறேன்."

பதில் ஒரே ஒரு சொல். அதை நான் எழுதப் போவதில்லை. இதுவரை அவளுக்குச் செய்ததெல்லாம் போதும், இதையும் என் கையால் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் எழுதுங்கள். வண்டி என்று எழுதினால் அவளுக்கு இருக்க இடம் இருக்கும், ஏ.சி. இருக்காது. வீடு என்று எழுதினால் இரண்டும் இருக்காது. மூன்றாவதாக ஒரு சொல் உங்களுக்குத் தெரிந்தால், தாராளமாக அதையே எழுதுங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று பக்கத்தை மூடி வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். உச்சி வெயில். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.