வெள்ளைப் போஸ்டர்

என் தங்கை அனுசுயா எழுத்துகளை ஒழுங்காக நிற்கவிட மாட்டாள். புத்தூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனர். அவள் வடிவமைக்கும் பத்திரிகைப் பக்கங்களில் ஓர் எழுத்து தலைகீழாகத் தொங்கும், இன்னொன்று பாதி வெட்டுப்பட்டு ஓரத்தில் கிடக்கும், மீதி இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும். காசு கொடுத்து வெறும் தாளையா வாங்குகிறார்கள் என்று கிண்டல் செய்வேன். அப்பாவுக்கு மட்டும் அது என்றால் உயிர். ஒவ்வொரு பக்கத்தையும் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவைப்பார். கடைசி எழுத்து ஓரத்தில் விழுந்து கிடந்தால் அது என் பெண்ணின் வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மறதி நோய் வந்து எங்கள் பெயர்களெல்லாம் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

அந்த அப்பாதான் அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காணாமல் போனார். அம்மா ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம்.

போலீசில் சொல்லிவிட்டு வந்தோம். முகத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே சிவப்பில் 'காணவில்லை' என்று அடிக்கச் சொன்னாள் அம்மா. சுவரெல்லாம் அதுதான் இருக்கிறது, யாரும் நின்று பார்ப்பதில்லை என்றாள் அனுசுயா. சாப்பிடாமல் உட்கார்ந்து அவளே ஒன்று செய்தாள். முழு வெள்ளைத் தாள். 'காணவில்லை' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து மங்கிக்கொண்டே போய், கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் பாதி விழுந்திருந்தது. கீழே கட்டைவிரல் அளவில் அப்பாவின் முகம், அதைவிடச் சிறிதாக என் போன் நம்பர். அவள் கைக்குத் தெரிந்த அழுகை அதுதான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்ரீரங்கம் முழுக்க ஒட்டினோம். யாரோ போட்டோ எடுத்துப் போட, ஊரே பகிர்ந்தது. போன் ஓயவில்லை. படம் எப்போது ரிலீஸ் என்று ஒருவர். என்ன ஃபான்ட் என்று ஒரு காலேஜ் பெண். ஆடித் தள்ளுபடிக்கு இதே மாதிரி வேண்டும் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர். மனுஷனைத் தேடுகிறோம் ஐயா என்று கத்தினேன். ஸாரி சொல்லி வைத்தார். மறுநாள் அவருடைய மேனேஜர் கூப்பிட்டு ரேட் கேட்டார். யாரைப் போய்த் திட்டுவது?

அம்மா யாரிடமும் சொல்லாமல் லால்குடிக்குப் போய், தெரிந்த அச்சகத்தில் சிவப்பு எழுத்தும் பெரிய முகமுமாக அடித்துக்கொண்டு வந்து, அவளே பசை தடவி ஒட்டினாள். அன்று சாயங்காலம் ஒரு போன் வந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் இருளாயி என்ற பெண்.

"தம்பி, இந்தப் பெரியவரு நேத்து நம்ம கடைக்கு வந்தாருங்க. எதிர் சுவத்துல வெள்ளையா ஒரு சினிமா போஸ்டர் இருக்கு. அது முன்னாடியே ரொம்ப நேரம் நின்னாரு. 'இது எம் பொண்ணு வேலை'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. சினிமாக்காரங்க வீட்டுப் பெரியவரு போலன்னு நெனச்சு டீ குடுத்தேன். குடிச்சிட்டு ஏதோ பஸ்ல ஏறிட்டாரு. இப்பத்தான் சிவப்பு நோட்டீஸ்ல மூஞ்சியைப் பாத்தேன்."

எந்த பஸ் என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம். போனை வைத்தபோது எதிரில் அனுசுயா நின்றுகொண்டிருந்தாள். மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

"அப்பா உன் போஸ்டரைப் பாத்திருக்காரு. அடையாளமும் கண்டுபிடிச்சிருக்காரு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தன்னையேவாண்ணா?"

"இல்லம்மா. உன்னை."