ஒரு மணிக்குத் தேர்வு

பள்ளி முடிந்த கையோடு, மற்றவர்களுக்கு எட்டு வருடம் ஆகும் கல்லூரிப் பட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்து ஆறே வருடத்தில் முடிக்கும் படிப்பில் சேர்ந்தேன். இது இரண்டாம் வருடம். எனக்குப் பத்தொன்பது வயது. புதன்கிழமை காலைகளில் மருத்துவமனை, மற்ற நேரமெல்லாம் வகுப்பு.

அந்தப் புதன் மதியம் ஒரு மணிக்குக் கரிம வேதியியல் கடைசித் தேர்வு. தேறாவிட்டால் என்னைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அறைத்தோழி கொரின் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள்.

கடைசி நோயாளி டெல்பர்ட் ஹாயல். லாரி ஓட்டுநர், சர்க்கரை நோய். போன வருடத்திலிருந்து அவர் என் பொறுப்பு. நான் விசாரித்து மேல்வகுப்பு மாணவி யுவெட்டிடம் சொல்வேன், அவள் வந்து பார்ப்பாள்.

"நீ எப்பம்மா முழு டாக்டர் ஆவே?"

"இருபத்துமூணு வயசுல சார்."

"இருபத்தஞ்சு வயசு ஆகலன்னா, ஓட்டிட்டுப் போக வாடகைக்குக் கார் தரவே மூக்கால அழுவான். வயித்தைக் கிழிக்க மட்டும் கத்தி குடுப்பானா?"

சிரித்தேன். எல்லாம் கேட்டாயிற்று, பாதம் மட்டும் பாக்கி. கணுக்காலுக்கு மேல் வரை கயிறு கட்டிய பூட்ஸ் போட்டிருந்தார்.

"கால்ல வலி இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. உனக்குப் பரீட்சைன்னியே, கிளம்பு."

வலி இல்லை என்பதுதான் உறுத்தியது. சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துவிடும். எரிச்சலோடு குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். நகம் உடைந்தது. பூட்ஸைக் கழற்றியபோது உள்ளிருந்து சின்ன நட்டு ஒன்று விழுந்தது.

"அட, இதையா வண்டி முழுக்கத் தேடினேன்!"

காலுறை ஒட்டியிருந்தது. நனைத்து உரித்தேன். பெருவிரலுக்கு அடியில் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலை எடுத்துடுவாங்களா?"

"தெரியல சார்."

அந்தப் பாடம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. யுவெட் வேறொரு நோயாளியிடம் இருந்தாள். நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என் கோட்டின் நுனியைப் பிடித்திருந்தார். உட்கார்ந்தேன்.

யுவெட் வந்து பார்த்தாள். "எலும்பு வரைக்கும் போகல, தப்பிச்சீங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் இன்னும் இங்க இருக்க? ஓடு!"

தேர்வறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி நேரம் போயிருந்தது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே முடியவில்லை. தேறவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன். விதி விதிதான் என்றார்கள்.

"நர்ஸ்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாம்லடி, லூசு?" என்றாள் கொரின்.

"வந்திருக்கலாம்."

"அந்தாளு நல்லா நடந்து போவாரு. உனக்கு ஒரு வருஷம் போச்சு."

கீழ் வகுப்புக்காரர்களுக்கு விடுதியில் முதல் மாடி, எங்கள் அறை நான்காம் மாடி. சனிக்கிழமை நான் பெட்டியை இழுத்தபோது கொரின் மறு முனையைத் தூக்கினாள். மூன்று மாடி இறங்கும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.