இரைச்சல் இல்லாத குரல்

பிளக் உள்ளே போகவில்லை.

மேல் துளைக்குள் பேனையைக் குத்தி அமத்திக்கொண்டு, கீழே இரண்டு காலையும் தள்ளவேண்டும். சுவரின் மூன்று துளைக்குள் இரண்டு கால் பிளக்கை ஏற்றும் இந்த வித்தை கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். றொசானாவுக்கும் தெரியும். ஆனால் அவசரத்தில் பேனை வழுக்கி, நடுவால் முறிந்தது.

"சீக்கிரம் புள்ள! அங்கிள்ட உதடு நீலமாகுது!" படம் எடுத்துக்கொண்டிருந்த போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கூடப் படிக்கும் நதா கிழவரின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"வேற பேனை தா!"

"எங்கால தாறது? நீதானே கொண்டு வந்த!"

மேசையில் கிடந்த சீப்பின் வாலைக் குத்தியபோதுதான் பிளக் ஏறியது. ஒட்சிசன் மெஷின் உறுமி எழும்பியது. குழாயை மூக்கில் மாட்டினார்கள். றேமண்ட் அங்கிள் கண் திறக்கவில்லை. சந்தைக்குப் போயிருந்த அவருடைய மனைவி மேபல் மரக்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றபோது, மெஷின் எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது.

"என்ன மகள்? என்ன நடந்த?"

"கதைச்சுக்கொண்டிருந்தவர் அன்ரி. சடுதியா இழுத்திட்டு," என்றாள் நதா.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நதா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் பொய் சொல்லல்ல தானே? சொல்லு, பொய்யா அது?"

பள்ளிக்கூடத்து ஊடகப் பாடத்துக்குத்தான் அந்த டொக்கியுமெண்டரி. ஹாபரில், கப்பல்களில் மூட்டை சுமந்தவர்களின் கதை. வயது முழுக்க மாவும் சீமெந்தும் சுமந்து சுவாசப்பையைத் தூசிக்குக் கொடுத்துவிட்ட றேமண்ட், றொசானாவின் வீட்டுக்குக் கீழ்மாடியில்தான் இருந்தார். நதா வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கேமரா என்று ஒன்றும் இல்லை, றொசானாவின் போன்தான். கொலர் மைக் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது. ஹெட்ஃபோன் நதாவின் அண்ணன், அவளுடைய நானாவுடையது.

"படம் மங்கலா இருந்தாலும் சனம் பாக்கும். சத்தம் சரியில்லையெண்டா எழும்பிப் போயிரும்," என்று பாடம் எடுக்கும் சேர் சொல்லியிருந்தார். அதனால் யன்னலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக்கூடக் கழற்றினார்கள். மிஞ்சியது மெஷின். அதன் பொத்தான் எப்போதோ பழுது. பிளக்கைக் கழற்றினால்தான் நிற்கும்.

கேட்டது றொசானாதான். "அங்கிள், இத கொஞ்ச நேரம் நிப்பாட்டலாமா? உங்கட குரல் அடிபடுது."

அவர் சிரித்தார். "நிப்பாட்டு, நிப்பாட்டு. பாத்றூம் போகேக்க கழட்டிட்டுத்தானே போறன். இந்தச் சனியன்ட இரைச்சல்ல என்ட குரலே எனக்கு மறந்து போச்சு."

பிறகு கதைத்தார். பாரம் தூக்கிய கதை, கங்காணியை ஏமாற்றிய கதை, மழைக்குக் கப்பலின் அடியறையில் ஒதுங்கிப் படுத்த கதை. இடையில் நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல கதை. அவ்வளவு துப்புரவான சத்தம்.

கடைசியில் றொசானா சொன்னாள்: "இனி கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கக் கூடாது அங்கிள். வெறும் அறைட சத்தம் எடுக்கணும். வெட்டி ஒட்டேக்க தேவைப்படும்."

"செத்த வீட்டில இருக்கிற மாதிரியா?"

"ஓம், அப்பிடித்தான்."

அவள் கண்ணை மூடி ஹெட்ஃபோனுக்குள் இருந்தாள். நூல் இழுப்பதுபோல அவருடைய மூச்சு கேட்டது. அது ஐதாகிக்கொண்டு போனபோது, தனக்காகத்தான் அவர் சத்தமில்லாமல் இருக்கிறார் என்று நினைத்தாள்.

அவர் பெட்டியில்தான் வீடு திரும்பினார். அடக்கம் முடிந்த பிறகு மேபல் மாடிப்படி ஏறி வந்தார்.

"மகள், நீங்க எடுத்த றெக்கோடிங் இருக்குத்தானே? சொந்தக்காரர்ட கலியாண வீடியோவிலயும் அந்த மனுசன் வாய் திறக்கல்ல. அவர்ட குரலெண்டு எங்கட்ட ஒண்டும் இல்ல."

றொசானா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு நதாவுக்குக் கோல் எடுத்தாள்.

"அழிச்சிப் போடு," என்றாள் நதா. "போன் விழுந்து உடைஞ்ச எண்டு சொல்லு. அல்லாவே, எங்கட உம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"அவவுக்கு வேற ஒண்டும் இல்ல நதா."

நதா குரலைத் தாழ்த்தினாள். "அப்ப நீ கேட்ட இடத்த வெட்டு. பிளக் கழட்டின சத்தத்தையும் வெட்டு. முடிவையும்."

வெட்டினாள். தன் கேள்வியை, அவருடைய பதிலை, 'டக்' என்ற சத்தத்தை, நதாவின் அலறலை. வெட்டிய இடங்களை மூட அந்த அறைச் சத்தத்தையே எடுத்து ஒட்டினாள். மூச்சு விழாத துண்டாகத் தேடவேண்டியிருந்தது. பதிவின் கடைசிப் பக்கத்தில் நிறையக் கிடைத்தது.

கீழே, மேபலின் அறை மூலையில், மெஷின் துவாயால் மூடி நின்றது. இரவல் கொடுத்தவர்கள் எடுத்துப்போக வரவேண்டும். மேபல் கட்டிலில் இருந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கங்காணி கதைக்குச் சிரித்தார். "பொய், எல்லாம் பொய். மாட்டுப்பட்டு அடி வாங்கினவர்," என்றார், ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் கதைப்பதுபோலச் சத்தமாக. கண்ணைத் துடைத்தார். "எவ்வளவு வடிவா கேக்குது மகள். பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி."

றொசானாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேபலின் சிரிப்பு நின்றது. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினார். திரும்பத் தொடக்கத்துக்குப் போடச் சொன்னார். மறுபடி கேட்டார். மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா ராவும் பகலும் அதுட சத்தத்துக்குள்ளதான் நாங்க சீவிச்சது," என்றார். குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "இதில அது ஏன் மகள் கேக்கல்ல?"