கிழிந்த பதினொரு பக்கங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு புத்தக அலமாரியிலிருந்து கிடைத்தது. (கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், முடியாது.) மலேசியாவில், குளுவாங் ஊரில் கிறிஸ்டின் வீட்டு அலமாரியில், நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு நாவல் ஒன்றின் தமிழாக்கம் இருந்தது. அதை டொரத்தி இரவல் கேட்டாள். டொரத்தி, கிறிஸ்டினின் தம்பி ரேமண்டுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்.

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் டொரத்தி தன் மனத்தை...’

வேண்டாம். அன்று மழையே இல்லை. நல்ல வெயில். ரேமண்ட் வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

2

நாவலில் ஒரு நீதிபதியின் மகள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வீட்டைவிட்டுக் கிளம்பி, கடலோர ஊரில் அறை எடுத்துத் தங்குகிறாள். காதலன் கிடையாது, கொடுமைக்கார அப்பாவும் கிடையாது. தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் இருபத்தேழு வயதாகிவிட்டது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஊர் அவளை ஒழுக்கங்கெட்டவள் என்கிறது. திரும்பி வந்தாளா? அது கடைசிப் பதினொரு பக்கங்களில் இருக்கிறது. டொரத்தி வாங்கிப்போன புத்தகத்தில் அவை இல்லை.*

* கரையான் தின்றுவிட்டது என்று முதலில் எழுதியிருந்தேன். கரையானுக்கு அவ்வளவு நேராகக் கிழிக்கத் தெரியாது.

3

கோயிலில் இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு. (கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார். அதுதான் ஓலை.) அன்று மத்தியானம் டொரத்தி புத்தகத்தோடு வந்தாள்.

“கடைசில என்னாக்கா ஆச்சு? திரும்பிப் போயிட்டாளா?”

“ஞாபகம் இல்ல லா. பழைய புக்குதானே,” என்றாள் கிறிஸ்டின்.

“யாரும் என்னய ஃபோர்ஸ் பண்ணல. நானேதான் ஓகே சொன்னேன். ஆனா இதப் படிச்சப்புறம்தான், என்னய நானே ஒருவாட்டிகூட கேக்கலன்னு தெரியுது.”

“ரேமண்ட் நல்லவன்மா.”

“நல்லவருதான்க்கா. அதனாலதான் வேணாம்னு சொல்ல பயமா இருக்கு.”

இந்த இடத்தில் கிறிஸ்டின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே ஒரு வரி பதில் சொல்ல அவளுக்கு என்ன கேடு? பத்திரிகை கொடுத்தாயிற்று, தம்பிக்கு முப்பத்தாறு வயது, சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் எழுதி அடித்தேன். விஷயம் அதுவல்ல. நாவலில் அந்தப் பெண் திரும்பவே இல்லை. கெட்டும் போகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

[‘கிறிஸ்டினுக்கு’ என்று எழுத வேண்டிய இடம். போதும், கிறிஸ்டின் நான்தான். கிழித்துவிட்டு இரவல் கொடுத்ததும் நான்தான்.]

4

முடிவு அ: பக்கங்களை டொரத்தியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன்.

முடிவு ஆ: கல்யாணம் முடிந்த பிறகு கொடுக்கிறேன். (எழுதும்போதே வெட்கமாக இருந்தது.)

இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இது. மூன்றாவது ஞாயிறு, பெஞ்சின் ஓரத்தில் நான். எனக்கு அடுத்து டொரத்தி, அவளுக்கு அந்தப் பக்கம் சுவர். பதினொரு பக்கங்களும் என் கைப்பையில் இருந்தன. ஃபாதர் பெயர்களை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் யாராவது என்று தொடங்கியபோது டொரத்தி எழுந்துவிட்டாள். முன்வரிசையிலிருந்து ரேமண்ட் திரும்பிப் பார்த்தான்.

“கொஞ்சம் வழி விடுங்கக்கா.”

நான் காலை மடக்கினால்தான் அவள் வெளியே வர முடியும்.

மடக்கினேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுந்துகொள்கிறேன். அந்த ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள். டொரத்தி நின்றுகொண்டிருக்கிறாள்.