மொத்த வீட்டுக்கும் மொட்டை

பனமலை ஏரிக்கரையில் விசிலுக்காகக் காத்து நின்றவர்கள் அறுபத்திரண்டு பேர். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் மச்சினன் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒன்னே ஒன்னு மாமா. வெறும் வயித்தோட தண்ணில எறங்கக் கூடாது."

"நாலு ஆயிடுச்சு மச்சான்."

"நாலெல்லாம் ஒரு கணக்கா? தூக்குல இன்னும் எட்டு இருக்குது. கறிக்கொழம்பு தனியா வச்சிருக்கறேன்."

சேரன் வாயைத் துடைத்துக்கொண்டு நீச்சல் கண்ணாடியை மாட்டினான். மச்சினன் சிவசங்கரின் அக்கறை வயிற்றின் மேல் அல்ல, முடியின் மேல் என்பது அவனுக்குத் தெரியும். இன்னும் பன்னிரண்டு நாளில் சிவசங்கருக்கு நிச்சயதார்த்தம். நெற்றியில் வந்து விழுகிற சுருள் முடியை அவன் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்து வைத்திருந்தான். இன்றைக்குச் சேரன் வேகமாகப் போய்விட்டால் அந்த முடி போய்விடும்.

விவகாரம் ஏழு வருஷம் பழையது. அப்போதுதான் இந்தப் போட்டி செஞ்சியில் முதல் முறையாக நடந்தது. பனமலை ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல். கரையேறிய கையோடு சைக்கிளில் அனந்தபுரம் வழியாகச் செஞ்சிக்கு இருபது கிலோமீட்டர். சைக்கிளைப் போட்டுவிட்டு ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் உட்கார முடியாது. ஸ்பிரிண்ட் டிரையத்லான் என்று பேர். கல்யாணமான மூன்றாம் மாசம் சேரனும் ரஞ்சனியும் சேர்ந்து கலந்துகொண்டார்கள். ரஞ்சனி ஒரு மணி முப்பத்து நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடியில் முடித்தாள். மோர் குடித்து, பின்னலைப் பிரித்து அவள் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது சேரன் வந்து சேர்ந்தான்.

"இன்னாங்க, சாமி ஊர்வலமா?" என்றாள்.

அன்று சாயங்காலம் அவன் கொஞ்சம் உம்மென்று இருந்தான். அடுத்த தடவை பார் என்றான். ரஞ்சனி எழுந்து போனாள். தன் நேரம் எழுதியிருந்த சீட்டையும் ஒரு ரூபாயையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். "அங்காளம்மா தாயே, இந்த நேரத்த இவரு முறியடிச்சிட்டாருன்னா எங்க வீடு மொத்தமும் மலையனூர் வந்து மொட்ட போட்டுக்கறோம்."

வீடே சிரித்தது. அவள் அம்மா குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மனிடம் விளையாட்டுக்குக்கூட வாய் விடக் கூடாது என்று படுக்கப் போகும்வரை திட்டினாள்.

அடுத்த தடவை வரவே இல்லை. ஒரு வருஷம் ஏரியில் தண்ணீர் இல்லை. அடுத்தது கொரோனா. பிறகு, போட்டியை நடத்தும் சைக்கிள் கடை ஜான் பாஷாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பிறகு ரஞ்சனி. ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். அவளுக்கு முப்பது வயது.

அதிலிருந்து மூன்று வருஷமாகச் சேரனுக்கு எதுவும் உறைப்பதில்லை. சென்னையில் ஆபீசுக்குப் போவான், வருவான். காப்பி சூடா ஆறியதா என்று தெரியாமலே குடிப்பான். வருஷத்துக்கு ஒரு நாள், திதிக்கு, செஞ்சிக்கு வந்து மாமியார் வீட்டில் இருபது நிமிஷம் உட்காருவான். பிள்ளை கிடையாது. ரஞ்சனியும் போன பிறகு அந்த வீட்டில் தான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அது யாரையும் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

போன போகிக்கு மாடத்தை ஒழித்தபோது குஞ்சம்மாள் கையில் அந்த முடிச்சு சிக்கியது. அன்றே போன் செய்தாள்.

"மாப்ள, செத்தவ பேர்ல வேண்டுதல் நிக்கக் கூடாது. அது அவளுக்குப் பாரம். நீங்க அந்த நேரத்தத் தாண்டினாத்தான் எறங்கும். வர்ற மார்கழில பாஷா திரும்ப நடத்தறாராம்."

"அத்தை, நான் ஓடியே ஆறு வருஷம் ஆச்சு."

"இன்னும் ஒரு வருஷம் இருக்குது இல்ல."

மரத்துப் போனவனுக்குப் பயிற்சி சுலபம். விடியற்காலையில் எழுந்தால் வலிக்காது. ஒரே ரோட்டில் நூறு தடவை போனாலும் சலிக்காது. பதினோரு மாசத்தில் ஒன்பது கிலோ இறங்கினான். சந்தோஷமாக இருந்ததா என்றால், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டான். அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு மாசமும் சிவசங்கர் தப்பிக்க வழி தேடினான். "வீடுன்னா யாரு யாரும்மா? நான் பாண்டிச்சேரில ரூம் எடுத்துத் தங்கியிருக்கறேன். வேணும்னா ரேஷன் கார்டுலேந்து பேர எடுத்துடு."

"கட்டிக்கப் போறவ முடியப் பாத்தாடா வர்றா?"

"ஆமாம்மா. போட்டோ பாத்துட்டு மொதல்ல அதத்தான் சொல்லிச்சாம்."

குஞ்சம்மாள் மசியவில்லை.

விசில் ஊதியது. எல்லோரும் ஏரியில் பாய்ந்தார்கள். மார்கழித் தண்ணீர். மற்றவர்கள் குளிரில் அலறினார்கள். சேரன் சும்மா நீந்தினான். முதல் நூறு மீட்டர் நான்கு இட்லியும் கூடவே நீந்தின. வழி காட்டுவதற்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடங்களை மிதக்கவிட்டிருந்தார்கள். மூன்றாவது குடத்தை ஒருவர் பயத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். படகில் வந்தவர்கள் கெஞ்சினார்கள். சேரன் அவரையும் குடத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போனான். கரையேறியபோது கைக்கடிகாரம் பதினேழு நிமிஷம் நாற்பது காட்டியது. பரவாயில்லை.

சைக்கிள் பனமலையைத் தாண்டியதும் பின்னால் ஒரு மொபெட் ஒட்டிக்கொண்டது. ஓட்டியவர் மாமனார் தங்கராசு. அவர் பேசாத மனிதர். அவருக்குப் பதிலாக ஹாரன் பேசும். பின் சீட்டில் குஞ்சம்மாள், ஒரு கையில் செல்போன், மறு கையில் மஞ்சள் முடிச்சு.

"மிதிங்க மாப்ள. இருவத்தி ஏழு நிமிஷம் ஆச்சு."

"அத்தை, வண்டி பக்கத்துல வரக் கூடாது. ரூல்ஸ் இருக்குது."

"ரூல்ஸ நான் பேசிக்கறேன். நீங்க மிதிங்க."

மொபெட் ஆமோதித்து இரண்டு தரம் ஹாரன் அடித்தது.

அனந்தபுரத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ரோடு இல்லை. வாத்துதான் இருந்தது. இந்தப் பக்கம் அறுத்த வயலிலிருந்து அந்தப் பக்கத்து வாய்க்கால்வரை, எழுநூறு எண்ணூறு வாத்து, அவசரமே இல்லாமல் கடந்துகொண்டிருந்தன. நடுவில் நீளக் கம்போடு ஓர் அம்மாள் நின்றாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார். எல்லாம் முட்ட போடறது."

"ஏ நாகம்மா," குஞ்சம்மாள் மொபெட்டிலிருந்து குதித்தாள். "எம் மாப்ள பந்தயத்துல போறாரு. ஓட்டு அத அந்தாண்ட."

"பந்தயம்னு வாத்துக்குத் தெரியுமாக்கா? ஓட்டினா செதறிப்பூடும்."

குஞ்சம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தங்கராசு ஹாரனை அழுத்தினார். வாத்துகளுக்கு ஹாரன் பிடித்துப்போனது. எல்லாம் ஒரே குரலில் பதில் சொல்லத் தொடங்கின. அவர் அடித்தார், அவை அடித்தன. பேசாத மனிதருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணூறு பேர் காது கொடுத்தார்கள். அவர் கையை எடுக்கவே இல்லை.

சேரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாத்துக் கூட்டத்தில் நடந்தான். பாதிக் கூட்டம் தாண்டியபோது ஒரு வாத்து அவன் கெண்டைக்காலைக் கொத்திவிட்டு, கொத்தியது தான் இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்தது.

அது விக்கல் மாதிரிதான் ஆரம்பித்தது. என்ன இது என்று அவனுக்கே புரியவில்லை. வயிற்றிலிருந்து ஏறி, தொண்டையில் ஒரு நொடி நின்று, வெளியே வந்துவிட்டது. சிரிப்பு. சைக்கிள் தோளில் ஆடியது. மூன்று வருஷச் சிரிப்பு. அடக்கினால் மூக்கு வழியாக வந்தது. அக்கரை சேர்ந்து ஏறி மிதித்தும் நிற்கவில்லை. அனந்தபுரம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், தலைக்கவசம் போட்ட ஆள் ஒருவன் தனியாகக் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். பின்னால் தலைவிரி கோலமாக ஓர் அம்மாள் மொபெட்டில் வருவதையும் பார்த்தார்கள். முந்தானையில் ஒரு வாத்து இறகு ஒட்டியிருந்தது.

செஞ்சியில் சைக்கிளை நிறுத்தும் இடத்தில் சிவசங்கர் சேரனின் ஓட்டக் காலணிகளோடு தயாராக நின்றான். அவற்றை வேனில் கொண்டுவரும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கியிருந்தான். இரண்டு காலணியின் கயிறுகளும் ஒன்றோடொன்று பதினைந்து முடிச்சு போட்டிருந்தன.

"ஜோடி பிரிஞ்சிடக் கூடாதுன்னு மாமா."

சேரன் முடிச்சைப் பார்த்தான். மச்சினனைப் பார்த்தான். மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. கீழே உட்கார்ந்தே சிரித்தான். குஞ்சம்மாள் காலணிகளைப் பிடுங்கி, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, மாப்பிள்ளை கால்முன் போட்டாள். "இவன நான் வீட்ல வச்சிக்கறேன். நீங்க ஓடுங்க."

ஓட்டத்துக்கு மீதி இருபத்தெட்டு நிமிஷம். ஓட முடியும் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். கணக்கில் சிரிப்பு இல்லை. திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்சம் அடங்கும். உடனே வாத்து வேறு பக்கம் பார்த்தது ஞாபகம் வரும். மூச்சு போகும். கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது விலாவில் கத்தி செருகியதுபோலப் பிடித்துக்கொண்டது. கல்யாண மகால் தெரிகிற இடத்தில் ஓட்டம் நின்று நடையானது.

சிவசங்கர் பக்கத்திலேயே ஓடி வந்துகொண்டிருந்தான். "புடிச்சிக்குதா மாமா? ஒக்காருங்க. உசுரு முக்கியம். இதுக்குப் போயி."

சேரன் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நடந்தான். இன்னும் நானூறு மீட்டர். அடிவாரத்திலிருந்து ஜான் பாஷாவின் மைக் கேட்டது. "ஒரு மணி முப்பத்தி ரெண்டு நிமிஷம். செஞ்சி மாப்ளைய இன்னும் காணல."

சிவசங்கருக்கு உள்ளம் குளிர்ந்தது. சுருள் முடியைக் கோதிக்கொண்டான். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டில் ஏழு வருஷமாக எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சொல்கிற ஒரு வாக்கியம்தான் வந்தது.

"இன்னா மாமா, சாமி ஊர்வலமா?"

குரல் அவனுடையது. ஆனால் கடைசிச் சொல்லை அப்படி இழுத்து மூக்கில் முடிப்பது அவன் அக்காவுடையது. கூடப் பிறந்தவர்களுக்குப் பொதுவான ஒன்று. சேரன் நின்றுவிட்டான். சிவசங்கரும் நின்றுவிட்டான். கை தானாக வாய்க்குப் போனது.

"தெரியாம சொல்லிட்டேன் மாமா. வாபஸ்."

சேரன் ஓடினான். விலா வலித்தது. நன்றாகவே வலித்தது. மோர் டம்ளரும், பிரித்துவிட்ட தலைமுடியும், நக்கலும் முன்னால் இருபதடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை விடுவதாக இல்லை. பின்னால் சிவசங்கர் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தான். கடைசி நூறு மீட்டரில் அது "ஓடு மாமா, ஓடு" என்று மாறியதை அவனே கவனிக்கவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டிச் சேரன் குப்புற விழுந்தான். ஜான் பாஷா கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். அந்த வேண்டுதல் ஊருக்கே தெரியும்.

"ஒரு மணி முப்பத்தி நாலு நிமிஷம், மூணு செகண்டு," என்றார் மைக்கில். "நாப்பத்தோராவது எடம். ஒம்பது செகண்டுல ஒரு குடும்பத்தோட முடி போச்சு."

குஞ்சம்மாள் அழவில்லை. மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எறங்கிடுச்சு," என்றாள்.

மறுநாள் காலை மேல்மலையனூர் போனார்கள். சேரன் சென்னைக்குக் கிளம்பத்தான் இருந்தான். சும்மா கூட வாங்க என்று அத்தை சொன்னதால் பையோடு வந்தான். முடி காணிக்கைச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில், எத்தனை தலை என்று கேட்டார்கள்.

"நாலு," என்றாள் குஞ்சம்மாள்.

சேரன் மனசுக்குள் எண்ணினான். மாமா, அத்தை, மச்சான். "மூணுதானே அத்தை."

குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். "வீடு மொத்தமும்னுதானே வேண்டிக்கிச்சு. காலேஜெல்லாம் படிச்சிருக்கறீங்க, எண்ணத் தெரியலியே."

சேரன் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். சிவசங்கர் வாய் திறந்தான். "ஜெயிச்சவருக்கும் மொட்டையா? ஏம்மா, இத நேத்தே சொல்லியிருந்தா நான் பதினஞ்சு முடிச்சு போட்டிருக்கவே மாட்டேனே." அவன் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "மொதல்ல மாமாவுக்கு. நான் பாக்கணும்."

சேரன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தான். நாவிதர் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். சில்லென்று முதுகுத்தண்டுவரை இறங்கியது. அவன் வாய்விட்டு அலறினான்.

"அய்யே," என்றாள் குஞ்சம்மாள். "ஏரில நீஞ்சின ஆளு."

நான்கு மொட்டைக்கும் சந்தனம் தடவி வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். சிவசங்கர் அதைப் பெண்ணுக்கு அனுப்பினான். பதில் ஐந்து நிமிஷம் கழித்து வந்தது. அவன் படித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குஞ்சம்மாள் பிடுங்கி, தூரப் பிடித்து, சத்தமாகப் படித்தாள்.

"இதுல நீங்க எது?"

தங்கராசு சிரித்தார். யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் அது. ஹாரன் மாதிரியே இருந்தது.

"மாப்ள," குஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னாடியே லீவு போட்டுட்டு வந்துடுங்க. இவன் மொட்டைய வச்சிக்கிட்டு தனியா போயி நின்னா நல்லா இருக்காது. பக்கத்துல இன்னொன்னு வேணும்."