மஹ்ரூஸ் ஏறாத பாலம்

வாப்பாவின் உடல் கிடந்த சந்தூக்கைத் தோளிலிருந்து இறக்கிப் பாலத்தின் வாசலில் வைத்தபோது ரிஸ்குக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, தோள்வலி. வாப்பா மெலிந்த மனிதர்தான். பிடிவாதத்துக்கும் எடை உண்டுபோல.

இறக்கவைத்தவள் உம்மா இன்ஷிராஹ். கறுப்பு உடையோடு நடுரோட்டில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துல கொண்டுபோகக் கூடாது. படகு பிடிங்க."

மையவாடி நைலுக்கு அக்கரையில். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடியவேண்டும். பாலம் திறந்த வாரமே படகுத்துறையை மூடிவிட்டார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன், தூண்கள் எழும்பிக் கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாப்பா மஹ்ரூஸ் காப்பிக்கடையில் எழுந்து நின்று முழங்கினார்: "துணி காயப்போடற கம்பி! இதுல லாரி போகுமாம்! நான் இதுல காலெடுத்து வெச்சா இன்ஷிராஹ் எனக்குத் தலாக்!" அந்த ஊர் ஆண்கள் டீயில் சர்க்கரை குறைந்தாலும் பெண்டாட்டி மேல்தான் சத்தியம் செய்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். மஹ்ரூஸுக்கு மறக்க வழியில்லை. ஜன்னலைத் திறந்தால் பாலம். ரிஸ்கின் நிக்காஹ்வுக்கே மீன் படகில் அக்கரை வந்து, சம்பந்தியை மீன் வாடையோடு கட்டித் தழுவினார்.

ஷேக் அப்துத்தவ்வாப் முன்னால் வந்தார். "செத்தவருக்கு ஏதும்மா சத்தியம்? வானத்து மலக்குகள் அவரோட கணக்குப் புஸ்தகத்த மூடியாச்சு."

"மலக்குகள் மூடட்டும், மௌலானா. காப்பிக்கடை மூடுமா?"

சந்தூக் தூக்கி வந்த காப்பிக்கடைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ரிஸ்க் நிழலுக்கு ஒதுங்கினான். அங்கே தள்ளுவண்டியில் துர்முஸ் பயறு விற்கும் ஃபர்கலி, சொந்தக்காரர்களையே வெட்கப்படவைக்கும் அளவுக்கு அழுதுகொண்டிருந்தான்.

"இனிமே வியாழக்கிழமை நான் யாருக்கு எலுமிச்சம்பழம் பிழிவேன், அண்ணே?"

"என் வாப்பா இங்க எதுக்கு வந்தாரு?"

"பாலத்துக்குத்தான். விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வருவாரு. மேல ஏறிப் போய் மூணாவது கம்பியில காத வெச்சு நிப்பாரு. 'பாடுதுடா ஃபர்கலி'ம்பாரு. போகும்போது ரெண்டு பொட்டலம். ஒண்ணு வீட்டுக்கு."

ரிஸ்க் விரல்விட்டு எண்ணிப்பார்த்தான். அப்படியானால் உம்மா எத்தனை வருடமாகத் தலாக் ஆனவள்? தான் அதற்கு முன்பே பிறந்துவிட்டது மட்டும்தான் ஆறுதல்.

திரும்பி வந்து அவள் காதருகே குனிந்தான். "உம்மா, ஒண்ணு சொல்றேன். கத்தாத. வாப்பா வந்து..."

"துர்முஸா?"

அவன் தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த ஊர்ல ஃபர்கலி ஒருத்தன்தான் இவ்வளவு சீரகம் போடுவான். எனக்கு நாக்கு இல்லியாடா?"

"அப்போ... தலாக்?"

"போடா. முதல் தடவ போய்ட்டு வந்து மூணு நாள் நோன்பு வெச்சாரு. கேட்டா வயிறு சரியில்லயாம். வயிறு சரியில்லாதவன் நோன்பு திறந்ததும் ஒரு வாத்து முழுசாத் தின்பானா? சத்தியத்த முறிச்சதுக்குப் பரிகாரம் அது, செஞ்சுட்டா தலாக் ஆகாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஷேக் அப்துத்தவ்வாப் வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

"தெரிஞ்சும் எதுக்கும்மா படகு?"

அவள் சந்தூக்கின் மேல் விரித்திருந்த பச்சைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அவர் ரகசியமா முறிச்சத, நான் ஊரக் கூட்டிவெச்சு முறிக்கணுமா?"

மீன் படகு வந்தது. காப்பிக்கடைக்காரர்கள்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏற்றினார்கள். "சொன்ன சொல் மாறாத ஆம்பளைடா!" என்று ஒருவர் விம்மினார். ரிஸ்க் செருமிக்கொண்டு வலையின் மேல் உட்கார்ந்தான். அதே மீன் வாடை. உம்மா கரையிலேயே நின்றுவிட்டாள்.

படகு பாலத்தின் நிழலுக்குள் நுழையும்போது அண்ணாந்து பார்த்தான். மேலே, மூன்றாவது கம்பியருகே, கறுப்பு உடையில் ஓர் உருவம், தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு நின்றது.

மஞ்சளாக ஏதோ சுழன்று சுழன்று விழுந்தது. ஒரு துர்முஸ் தோல். தண்ணீரில் விழுந்து, படகை ஒட்டியே கொஞ்ச தூரம் கூட வந்தது.