இருபதாம் நாள் அடை

வாடகைக்குக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்துல் நாசர் ஷெட்டைக் கண்ணால் அளந்தான். மாமனார் மாசாணத்தின் கட்டிலை அன்புக்கரசி அப்போதுதான் வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். மிச்சம் இருந்தது கோழி மட்டும். பெட்டி வர வேண்டிய இடத்தில், பிளக்குக்கு நேர் கீழே, இருபதாவது நாளாக அது அடையில் இருந்தது.

“அக்கா, கோழிய எடுத்துட்டா பெட்டிய வெச்சுரலாமுங்க. கூலிங் ஏற அரை மணி நேரம் ஆவும்.”

“ஒயர இழுத்து இந்தப் பக்கமா வெக்க முடியாதுங்களா?”

“எக்ஸ்டென்ஷன் தாங்காதுங்க்கா. பாதில ட்ரிப் ஆச்சுன்னா பெரியவரு உடம்பு கெட்டுரும்.”

பெரிய பிளக் அது ஒன்றுதான், கிரைண்டருக்காகப் போட்டது. வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்றால், கோவை கணபதியில் அந்தச் சந்து வீட்டின் வாசல் இரண்டரை அடி. பெட்டி திரும்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் கௌதமன் போன் செய்துவிட்டான். கையெழுத்தெல்லாம் ஆயிற்று, அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்றான்.

முட்டை பொரிய இருபத்தோரு நாள் ஆகும். பதினெட்டாம் நாள் வரை கோழி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் குஞ்சு உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு குஞ்சு தலையைத் திருப்பி, முட்டையின் பருத்த முனையில் இருக்கும் காற்றுக்கு நேராக மூக்கை வைத்துக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் முட்டை உருண்டாலோ ஆறிப்போனாலோ உள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். சோறு உண்ணும்போது பேச்சுவாக்கில் மாமா சொன்னதுதான் இது. எப்படி எடுத்து வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு ரங்கநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“முட்டைய அரிசிப் பானைக்குள்ள வெச்சு, ஒரு குண்டு பல்பப் போட்டு உடு அம்மிணி. கோழியக் கூடைல கவுத்துப்போடு.”

“குண்டு பல்புக்கு எங்க போறதுங்க்கா? ஊடு பூரா எல்.ஈ.டி. அதுல சூடே வராது.”

“அதுஞ்சரி. வெளிச்சத்துக்கு மட்டும் உன்ற ஊட்ல கொறச்சலில்ல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்புக்கரசியின் தோளைத் தொட்டாள். “மனசத் தேத்திக்க கண்ணு. எங்க மாசாணண்ணனப் பெத்த புள்ளையாட்டப் பாத்துக்கிட்ட. இந்தச் சந்தே சொல்லுது.”

அன்புக்கரசி கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் வேறொரு கோழி. பாத்ரூம் ஓரத்து மூலையில், தரையிலேயே மணலைக் குவித்து மாமா அடை வைத்திருந்தார். மகள் மதிவதனியின் பிறந்தநாளுக்குப் பள்ளித் தோழிகள் வருவதாக இருந்தது. கோழிப்பேனும் நாற்றமும் அவர்கள் கண்ணில் படக்கூடாது. பட்டப்பகலில் அன்புக்கரசி கோழியை எழுப்பிவிட்டு, ஒன்பது முட்டைகளையும் பேசினில் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மாடியில் புது அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து அடுக்கினாள். கோழியையும் தூக்கிப்போய் மேலே உட்காரவைத்தாள்.

கோழிக்கு முட்டையின் அடையாளம் தெரியாது. இடத்தின் அடையாளம்தான் தெரியும். அவள் படி இறங்கி வருவதற்குள் அது பறந்து வந்து, பழைய மூலையில் வெறும் மணல்மேல் இறகை விரித்து உட்கார்ந்துகொண்டது. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தது. மேலே முட்டைகள் ஆறின.

அன்று கௌதமன் கேட்டபோது, “அதாவே எந்திரிச்சுப் போயிருச்சுங்க” என்றாள்.

மாமா அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார், கையில் அந்த அட்டைப்பெட்டியோடு.

“ஆமாப்பா. மொதத் தரம் அடை உக்காருது. அதுக்குப் பழக்கமில்ல” என்றார். அவளைப் பார்க்காமல் பெட்டியைக் கறிவேப்பிலை மரத்தடிக்குக் கொண்டுபோனார்.

கார்த்திகையில் இந்தக் கோழியை ஷெட்டில் வைத்தார். பெருச்சாளி வரும் என்று கட்டிலையும் அங்கேயே போட்டுக்கொண்டார். மழைச் சாரல் கட்டில் வரை அடித்தது. இருமல் வந்தது.

“உள்ள வந்து படுங்க மாமா.”

“இன்னியொரு வாரந்தேன் கண்ணு. பொரிச்சுரும்.”

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் மூன்று நாள். முந்தைய அடை பொரிந்திருந்தால் இந்த மழைக்கு அவர் வீட்டுக்குள் படுத்திருப்பார். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

“அக்கா…” என்றான் அப்துல் நாசர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவள் கோழியின் முன் குந்தினாள். இறகுக்கு வெளியே தெரிந்த ஒரு முட்டையில் மிளகளவு ஓடு தெறித்திருந்தது. உள்ளே கீச்சென்றது. கையை நீட்டியதும் கோழி சிலிர்த்துக் கொத்தியது. புறங்கையில் ரத்தம் துளிர்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. வைக்கோலுக்கு வெளியே, ஓரத்தில், விரலில் ரப்பர் தட்டுப்பட்டது.

மூன்று நாளாகக் கட்டிலுக்கடியில் தீனியைத் தள்ளிவிட்டுப் போனவள், இப்போதுதான் குனிந்து பார்த்தாள். அடை தரையில் இல்லை. மணல் அள்ளும் இரும்புச் சட்டிக்குள் இருந்தது. சட்டியின் விளிம்பில் எதிரெதிராகத் துளை போட்டு, சைக்கிள் ட்யூபை வளையமாகக் கட்டியிருந்தது. பின்பக்க விளிம்பில் ஒரு சாக்கு தைத்து மடக்கிவிட்டிருந்தது. இழுத்தால் முன்பக்கம் வரை மூடும். மாமா முப்பது வருஷம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மணல் அச்சு குலையாமல் பெட்டி தூக்கியவர். ஆனால் அடை வைத்த கோழியை அவர் ஒருநாளும் நகர்த்தியதில்லை. நகர்த்துகிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

“என்ன கண்ணு, அழுகறயா?” என்றாள் ரங்கநாயகி.

“இல்லீங்க்கா. அந்தப் பக்கம் வளையத்தப் புடிங்க.”

சாக்கை மெதுவாக இழுத்து மூடினாள். உள்ளே ஒரு படபடப்பு கேட்டது. பிறகு கொக்கரிப்பு தணிந்து அடங்கியது. சந்தின் முனையில் ஆம்புலன்ஸ் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டபோது இருவரும் சட்டியை மாடிப்படிக்கு அடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான் அந்த வேலை. முட்டையைக் கையால் தொடக்கூடாது. கோழியையும் முட்டைகளையும் பிரிக்கக்கூடாது. பகலாக இருந்தால் சாக்கு போட்டு மூடி, உள்ளே சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேராக ஒரே சமயத்தில், சாயாமல் தூக்க வேண்டும். புது இடத்திலும் சுவரைப் பார்த்திருந்த பக்கம் சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும். சட்டிதான் அதற்கு இடம்; கோழி எழுந்திருக்காது.